திருந்த விடாத பதிவேடு

திருட்டு வழக்கில் சிக்கிய சிறுவன் மறுபடியும் பிடிபட்டால், ‘இது திருந்தாத ஜென்மம்’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. முதல் வழக்குக்கும் இரண்டாவது வழக்குக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்பாரில்லை. பனமலை போன்ற சிற்றூரில் ‘ஸ்டேஷனுக்குப் போய் வந்தவன்’ என்ற பேச்சு ஒரே நாளில் பரவிவிடும். பிறகு பள்ளி தயங்கும்; கொத்தனார் கையாளாகச் சேர்த்துக்கொள்ள யோசிப்பார்; பக்கத்துத் தெருவில் பைக் காணாமல் போனால் போலீஸ் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். யோசிக்காமல் சேர்த்துக்கொள்வது பழைய கூட்டாளிகள் மட்டுமே. மறுகுற்றம் பெரும்பாலும் பிறவிக் கோளாறல்ல. விடுதலைக்குப் பிறகு நாம் அடைக்கும் கதவுகளின் விளைவு.

முத்திரை குத்திக் கண்காணிப்பது நமக்குப் பழகிய வழி. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947இல் ஒழித்த சென்னை மாகாணம், அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. விழுப்புரம் மாவட்ட இருளர் பழங்குடியினர் மீதான சந்தேகப் பார்வை இன்றும் முற்றாக விலகவில்லை. எளிய சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயர் எந்திரத்தனமாகக் காவல் துறையின் சரித்திரப் பதிவேட்டில் ஏறக் கூடாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியிருந்தது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உரிய காலத்துக்குப் பின் சிறாரின் குற்றப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. 46ஆம் பிரிவு, சிறார் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவருக்கு வாழ்க்கையைத் தொடங்க நிதியுதவி அளிக்க வழிசெய்கிறது. ஆனால், நடைமுறை வேறு: 2022 டிசம்பரில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் திருட்டு வழக்குச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான், ஊழியர்கள் கைதானார்கள். சீர்திருத்த இல்லமே உயிருக்கு உத்தரவாதம் தராதபோது, திருந்தவில்லையே என்று யாரைக் குறை சொல்வது?

‘பதினாறு வயதில் வெட்டரிவாள் தூக்குகிறவனிடம் இரக்கமா?’ என்ற கேள்வி நியாயமானதே. பாதிக்கப்பட்டவருக்கும் நீதி வேண்டும். ஆனால், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகவே விசாரிக்கச் சட்டம் ஏற்கெனவே இடமளிக்கிறது. அதை எல்லோருக்கும் நீட்டினால் குற்றம் குறையாது. அமெரிக்காவில் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான அறிக்கை, பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார்கள் பின்னர் வன்முறைக் குற்றங்களில் அதிகம் சிக்குவதாகவே கண்டது.

எனவே அரசு முதலில் செய்ய வேண்டியது, இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது. விடுதலையாகும் ஒவ்வொரு சிறுவனுக்கும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் பொறுப்பேற்று, பள்ளியிலோ ஐடிஐயிலோ இடம் வாங்கித் தர வேண்டும். பதிவுகள் அழிக்கப்பட்டனவா என்பதை இளைஞர் நீதிக் குழுமம் காவல் துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, அதே பையனை வாழ்நாளெல்லாம் சிறையில் வைத்துச் சோறு போடும் செலவைவிடக் குறைவு.