14 கிலோமீட்டர் மஸ்காரா!

ஜப்பான்ல மஸ்காராவை மருந்துக் கடையிலயே வாங்கலாம் கேர்ள்ஸ்! அண்ணன் கொண்டுவந்தது 'ஹீரோயின் மேக்'. 1825-ல ஆரம்பிச்ச இசெஹான் கம்பெனியோடது. விலை ஆயிரத்துச் சொச்சம் யென். நம்ம காசுக்கு எழுநூத்துச் சில்லறை. 'வாட்டர் ப்ரூஃப்'னு போட்டா நம்பிடுவோமா? திருவண்ணாமலைப் பொண்ணுக்கு டெஸ்ட் பண்ண கிரிவலம் இருக்கே!

பௌர்ணமி, வெறுங்கால், 14 கி.மீ. எம லிங்கம் தாண்டறதுக்குள்ள தோழியோட கண்மை கன்னத்துக்கு வந்தாச்சு. எனக்கும் வியர்வை கொட்டுச்சு. ஆனா ஈசான்ய லிங்கம் வரைக்கும் மஸ்காரா அசையலை.

வம்பு வீட்லதான். சோப்புப் போட்டுத் தேய்ச்சதுல நாலு இமைமுடி கையோட வந்துடுச்சு! பாட்டி பஞ்சுல தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடின கண் மேல ஒரு நிமிஷம் வெச்சாங்க. அதுல இருக்கற மெழுகு எண்ணெய்லதான் கரையுமாம். மொத்தமும் வழுக்கிட்டு வந்துச்சு.

ஹாஸ்டல்வாசிகளே, ரூம்மேட் பிரஷ்ஷை மட்டும் கடன் கேக்காதீங்க. கண் நோய் தொத்திக்கும்!