ஊறல் பானையும் ஆய்வுக்கூடமும்

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், அண்டை மாவட்டமாகிய செங்கல்பட்டின் சித்தாமூர்ப் பகுதியிலும் நச்சுச் சாராயம் அருந்தி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக விளங்கிய கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விரு துயரங்களுக்குப் பின்னரும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் சிற்றூர்களில் சாராயம் பற்றிய பழைய நம்பிக்கைகள் அசையாமல் நிற்கின்றன. அவற்றை அறிவியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது கற்றோர் கடமையென நாம் கருதுகிறோம்.

மதுவை முற்றாக விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்தோர் நடத்தும் கல்லூரியில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். விலக்கப்பட்டது என்று கூறினால் இறையச்சம் உடையோர் கேட்பர். வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் நாள் முழுதும் வலையிழுத்தும் மூட்டை சுமந்தும் களைத்தவனிடம், ‘இது நாட்டுச் சரக்கு, கலப்படமற்றது’ என்று ஒருவன் கூறும்போது, அந்தப் பொய்யை உடைக்க வேதியியலும் வேண்டும். ‘ஆல்கஹால்’ என்னும் சொல்லே ‘அல்-குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். வாலை வடித்தலை மருந்துக்கும் நறுமணத்துக்கும் உரிய கலையாக வளர்த்தவர்களுள் அரபு மொழி அறிஞர்கள் முதன்மையானவர்கள்.

முதல் நம்பிக்கை, நெருப்பு வைத்து நீலச் சுடராய் எரிந்தால் அது நல்ல சாராயம் என்பது. எத்தனால் நீலமாய் எரியும் என்பது உண்மையே. மெத்தனாலும் அவ்வாறே மங்கிய நீலத்தில் எரியும்; பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே புலப்படாமற் போவதுண்டு. முற்காலத்தில் ஆங்கிலேயர் வெடிமருந்தின்மேல் மதுவை ஊற்றித் தீயிட்டுச் சோதித்தனர். அச்சோதனை அளந்தது மதுவின் வீரியத்தை மட்டுமே. நம் ஊர்த் தீக்குச்சியும் அவ்வளவே அறியும். நஞ்சும் போதையும் ஒரே சுடரில் எரிகையில், அந்தச் சுடரை நம்பிக் குவளையை ஏந்துவது எத்தகைய பேதைமை!

இரண்டாவது நம்பிக்கை, ஊறலில் இடும் பட்டையும் நவச்சாரமுமே ஆளைக் கொல்கின்றன. அவற்றைக் குறைத்துக் காய்ச்சினால் கேடில்லை என்பது. அவை நல்லன என்று நாம் வாதிடவில்லை. ஆனால் வெல்ல ஊறல் நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிக மிகச் சிறிதளவே. பழங்களிலுள்ள பெக்டின் என்னும் பொருளிலிருந்து அது சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். அதுவும் ஓர் ஊரையே சாய்க்கும் அளவினதன்று. எக்கியார்குப்பத்தில் விற்கப்பட்டது காய்ச்சிய சாராயமே அன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று ஆய்வுக்கூடச் சோதனைக்குப் பின் காவல்துறை அறிவித்தது. அடுப்பும் பானையும் இன்றி நஞ்சு வந்து சேர்ந்திருக்கிறது! ஊறல் பானைகளை உடைக்கும் காட்சி நாளிதழ்ப் படத்துக்கு அழகுதான். மெத்தனால் எந்த ஆலையிலிருந்து, யார் கைவழியாகக் குப்பத்துக்கு வந்தது என்று ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் கேட்பதே காக்கும் செயல் என்பது நம் கருத்து.

முதலில் வடியும் சாராயத்தைக் கொட்டிவிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்பாரும் உளர். மெத்தனால் ஏறத்தாழ 65 பாகையிலும், எத்தனால் 78 பாகையிலும் கொதிப்பது உண்மையே. எனினும் நீரோடு கலந்த நிலையில் இவ்விரண்டும் மண்பானையில் தனித்தனியே பிரிந்து வருவதில்லை. மேலும், காய்ச்சிய பின் கலக்கப்படும் நஞ்சுக்கு இந்த முறை எவ்வகையில் உதவும்?

அனைத்திலும் கொடியது, ‘நேற்று குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்னும் வாதம். மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதனை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பின் கடியில் எரிவதாக நாம் அறிந்த அதே அமிலந்தான் பார்வை நரம்பைத் தாக்கி உயிரணுக்களின் மூச்சை அடைக்கிறது. இம்மாற்றம் நிகழப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் சேர்ந்திருந்தால் கல்லீரல் அதனையே முதலில் எடுத்துக்கொள்ளும். நஞ்சின் வேலை இன்னும் தாமதமாகும். முந்திய இரவு குடித்தவன் மறுநாட் காலையில் நலமாக எழுந்து அயலானுக்கும் நற்சான்று தருவது இதனாலேயாம். சுமார் 10 மில்லிலிட்டர் கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கலாம்.

வயிற்று வலியும் வாந்தியும் வந்தபின் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். இவை அமிலமாகும் வழியை அடைப்பதில்லை. மருத்துவமனையில் அதனை அடைக்கும் மாற்றுமருந்து உண்டு. குருதியைத் தூய்மிக்கும் டயாலிசிஸ் உண்டு. எத்தனாலையே மாற்றுமருந்தாக மருத்துவர்கள் அளந்து செலுத்துவதுண்டு. இதனை அரைகுறையாகக் கேள்வியுற்று, வீட்டிலேயே மேலும் குடிக்கச் செய்வது சாவுக்கு வழிவிடுவதாகும்.

2024-இல் தமிழக அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை வகுத்தது. விற்பவனுக்கு அது அச்சந்தரலாம். குடித்தவனோ வழக்குக்கும் ஊராரின் ஏச்சுக்கும் அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் மறைந்து கிடக்கிறான். அவன் வீட்டாருக்கு எட்டும்படி, நம் வேதியியல் துறையும் தமிழ்த் துறையும் கூடி ஒரு பக்கத் துண்டறிக்கை ஆக்கலாம். அதனை மரக்காணக் கடற்கரைக் குப்பங்களிலும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலும் மாணவர்கள் வழங்கலாம். கலைச்சொற்கள் எவையும் அதில் வேண்டா. குடித்தவருக்கு மறுநாள் பார்வை மங்கினால், பனி மூடியதுபோல் தெரிந்தால், விடியும்வரை காத்திராமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டு செல்க என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.