ஸ்டிக் மாட்டுவது யாருக்காக?



டிவியின் பின்னால் சொருகினால் இன்டர்நெட் படத்தையெல்லாம் பெரிய திரைக்குக் கொண்டு வருமே, அந்தக் குட்டி ஸ்டிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் யார் வாங்கினாலும் மாட்டித் தர "டிப்ளமா படிக்கிற பையனை"த்தான் கூப்பிடுகிறார்கள். ஆகவே இது நம்ம சப்ஜெக்ட். ஆனால் நாம் அதை நமக்காக மாட்டுகிறோமே தவிர, வீட்டுக்காக மாட்டுவதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

எப்படி என்கிறீர்களா? நாள் முழுக்க வை-ஃபை ஓடும் வீட்டை நினைத்துச் செய்த சாமான் அது. நம்ம வீடுகளில் வை-ஃபை என்றால் மகனுடைய செல்போன் ஹாட்ஸ்பாட்தான். காலையில் பையன் பஸ் ஏறினால் ஹாட்ஸ்பாட்டும் கூடவே ஏறிவிடும். சாயங்காலம் வரை டிவி சும்மா கிடக்கும். 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 இன்ச் இலவச கலர் டிவி பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். அதில் பட்டனைத் தட்டினால் ஆயாவுக்கும் படம் வந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. (அந்தப் பெட்டியிலும் கன்வெர்ட்டர் வைத்து ஸ்டிக் மாட்டலாம். எழுத்து கலங்கலாகத் தெரியும், வேண்டாம்.)

"அம்மாவுக்கு கேபிள் போதும்டா" என்பான் நண்பன். போதாது. எங்க அம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஜாக்கெட் வெட்டும் வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்துத்தான் கழுத்து வளைவை வெட்டுகிறார். கேபிளில் ஓடிப்போன காட்சி போனதுதான். செல்போன் திரையிலோ சாக்பீஸ் கோடு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வேலையெல்லாம் பகலில், நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில். என் எக்ஸாம் ஃபீஸ் அந்த ஜாக்கெட் காசுதான்.

ஊரில் பைபர் லைன் கிடைத்து, மாசா மாசம் கட்டவும் முடிந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் பழைய போன் ஒன்றில் சிம் போட்டு வீட்டிலேயே வையுங்கள். உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அதிலும் கொடுத்தால், ஸ்டிக்குக்கு வித்தியாசம் தெரியாது, தானாகச் சேர்ந்துகொள்ளும். யாரும் சேராவிட்டால் சில நிமிஷத்தில் ஹாட்ஸ்பாட் அணைந்துபோகும் வசதி போனில் இருக்கும், அதை நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5-ஐ விட அதுதான் சுவரைத் தாண்டும். கரண்டை டிவியின் யு.எஸ்.பி.யில் எடுக்காதீர்கள். பல டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள்.

டேட்டாவில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஹெச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை போகும். தினம் ஒன்றரை ஜி.பி. பேக் அரை மணியில் காலி! 480-க்கு இறக்கினால் தையல் கோடும் தெரியும், டேட்டாவும் தாங்கும். தீபத்தன்று லைவ் போட்டுத் தீர்க்காதீர்கள், மாடியில் ஏறினாலே மலை தெரியும்.

வாங்கும்போது ரிமோட் உள்ளதாகப் பாருங்கள். 2013-ல் வந்த முதல் குரோம்காஸ்டுக்கு ரிமோட்டே கிடையாது, செல்போன்தான் எல்லாம். அம்மாவிடம் ரிமோட் இருந்தால் நம் போனுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

எங்க வீட்டில் இப்படித்தான் மாட்டியிருக்கிறேன். ஒரு கஷ்டம் உண்டு. சாயங்காலம் வந்து என்.பி.டி.இ.எல். பாடம் போடலாம் என்று உட்கார்ந்தால், "இரு கண்ணு, இந்தக் கை மட்டும் வெட்டிக்கிறேன்" என்கிறார்.