‘முதலில் ஆட்சி விழட்டும், சாதியைப் பிறகு பேசலாம்’ என்பவர்களுக்கு

2025 செப்டம்பரில் காத்மாண்டு எரிந்த படங்கள் நம் கைபேசிகளில் வந்து விழுந்தபோது, நாங்கள் நடத்தும் மாணவர் வாசிப்பு வட்டத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. “இரண்டே நாளில் ஒரு அரசைத் தூக்கி எறிந்துவிட்டார்கள், இங்கே நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்” என்றார் ஒரு மாணவர். “இதனால்தான் போராட்டமே வேண்டாம் என்கிறோம், கடைசியில் நாடு சாம்பலாவதுதான் மிச்சம்” என்றார் இன்னொருவர். இருவருமே நேபாளத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அந்த நாட்டில் எட்டில் ஒருவர் தலித் என்பதும், அவர்கள் இதே போன்றதொரு வெற்றியை 2006இலேயே பார்த்துவிட்டவர்கள் என்பதும் இருவர் பேச்சிலும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சர்வாதிகாரத்தை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்குவது நியாயம். அதில் தலித்துகள் கலந்துகொள்வதும் நியாயம். ஆனால் “முதலில் ஆட்சி விழட்டும், சாதியைப் பிறகு பேசலாம்” என்று எவர் சொன்னாலும், அவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும், அவரை நம்பக் கூடாது. அந்தப் ‘பிறகு’ எப்படி இருக்கும் என்பதற்கு நேபாளம் சாட்சி.

2006இல் நடந்தது என்ன?

நேபாளத்தில் சாதி வெறும் வழக்கமாக மட்டும் இருந்ததில்லை. 1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த ‘முலுகி ஐன்’ என்ற சட்டத் தொகுப்பு, யார் தொட்ட நீரைக் குடிக்கலாம், யாருடையதைக் குடிக்கக் கூடாது என்பதையே அரசின் சட்டமாக்கியது. இரும்படிக்கும் காமி, துணி தைத்து மேளம் வாசிக்கும் தமாய், தோல் வேலை செய்யும் சார்கி, தராய் சமவெளியின் முசஹர், டோம், சமார் என்று உழைக்கும் சமூகங்கள் அனைத்தும் அதில் கடைசிப் படியில் வைக்கப்பட்டன. 1963இல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. ஏட்டில் சாதிப்படி போனது, கிணற்றடியில் போகவில்லை.

2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா, பிரதமரை நீக்கிவிட்டு ஆட்சியை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தொலைபேசிகள் துண்டிக்கப்பட்டன. செய்தித்தாள் அலுவலகங்களில் ராணுவத்தினர் போய் உட்கார்ந்தனர். கட்சித் தலைவர்கள் வீட்டுக்காவலிலும் சிறையிலும் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஏழு கட்சிகளின் கூட்டணியும், பத்தாண்டுகளாக ஆயுதப் போர் நடத்திவந்த மாவோயிஸ்டுகளும் 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2006 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய பொது வேலைநிறுத்தம் பத்தொன்பது நாட்கள் நீடித்தது. ஊரடங்கை மீறி, துப்பாக்கிச் சூட்டை மீறி, காத்மாண்டுவின் சுற்றுச்சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஏப்ரல் 21இல் மன்னர், பிரதமரைக் கட்சிகளே பரிந்துரைக்கட்டும் என்றார். தெரு ஏற்கவில்லை. ஏப்ரல் 24 நள்ளிரவு நெருங்கும் வேளையில், கலைக்கப்பட்டிருந்த நாடாளுமன்றத்தை மீட்பதாக அவர் அறிவிக்க வேண்டிவந்தது. 2008 மே 28 அன்று மன்னராட்சியே ஒழிக்கப்பட்டது. 240 ஆண்டு அரண்மனை அருங்காட்சியகம் ஆனது.

அந்தத் தெருவில் தலித்துகள் இருந்தார்கள். அதற்கு முன்பு பத்தாண்டுப் போரிலும் மாவோயிஸ்ட் அணிகளில் அவர்கள் பெருமளவில் இருந்தார்கள். இழப்பதற்கு நிலமில்லாதவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

கிடைத்ததை மறைக்க வேண்டாம்

“போராடி என்ன கிடைத்தது?” என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்வோம். கிடைத்தது குறைவில்லை. 2006 ஜூனில் நாடாளுமன்றம் நேபாளத்தைத் தீண்டாமையற்ற நாடாக அறிவித்தது. 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையில் 50 தலித்துகள் அமர்ந்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், மேற்கு நேபாளத்தின் ஹலியாக்கள், அதாவது தலைமுறை தலைமுறையாகக் கடனுக்காக நிலவுடைமையாளரின் ஏரைப் பிடித்த கொத்தடிமைகள், விடுதலை பெற்றதாக அரசு அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். 2011இல் சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் குற்றமாக்கும் தனிச்சட்டம் வந்தது. 2015 அரசமைப்பு, தீண்டாமைக்கு எதிரான உரிமையை 24ஆம் பிரிவிலும், தலித்துகளின் உரிமைகளை 40ஆம் பிரிவிலும் எழுதிவைத்தது. ஒவ்வொரு உள்ளாட்சி வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருந்தாக வேண்டும் என்ற விதியால், 2017 தேர்தலில் 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் பதவிக்கு வந்தார்கள். நம் ஊராட்சிகளில் தலித் தலைவர்கள் நாற்காலியில் உட்காரவே போராட வேண்டியிருப்பதை அறிந்த நாம், இந்த எண்ணிக்கையின் அருமையை உணராமல் இருக்க முடியாது.

மன்னர் இருந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது. எனவே போராட்டமே வீண் என்பவர்கள் அரண்மனையின் பக்கம் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கிடைக்காததையும் மறைக்க வேண்டாம்

மன்னர் பணிந்து இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. இடைக்கால அரசமைப்பை எழுதக் குழு அமைத்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட அந்தக் குழுவில் ஒரு பெண் இல்லை, ஒரு தலித் இல்லை. மீண்டும் எதிர்ப்பு எழுந்த பிறகே குழு விரிவாக்கப்பட்டது. தெருவில் இரத்தம் காயும் முன்பே மேசையில் நாற்காலி எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விரிவாக்கம் யாருடைய பெருந்தன்மையாலும் வரவில்லை. வெற்றிவிழா முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றவர்களால் வந்தது.

நின்றவர்கள் தளர்ந்தபோது என்ன ஆனது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2008இல் நேரடித் தொகுதிகள் 240. அவற்றில் ஏழு தலித்துகள் வென்றார்கள். 2022இல் நேரடித் தொகுதிகள் 165. வென்ற தலித் ஒரே ஒருவர். தலித்துகளின் திறமை திடீரென்று குறைந்துவிட்டதா? இல்லை. கட்சிகள் தலித் கணக்கை விகிதாசாரப் பட்டியலில் காட்டிவிட்டு, நேரடித் தொகுதிச் சீட்டை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டன. பட்டியலில் வருபவர் தலைவரின் தயவில் வருகிறார். தொகுதியில் வென்றவரைப் போலத் தலைவரை எதிர்த்துப் பேச அவரால் முடியாது. 2006க்குப் பிறகு அங்கே பிரதமர் பதவிக்கு வந்தவர்களைப் பாருங்கள். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், மாவோயிஸ்ட் என்று கொடி மாறியது. ஆனால் கொய்ராலாக்கள், பிரசண்டா, மாதவ் நேபாள், பட்டராய், தேவுபா, ஒலி என அனைவரும் மலைப்பகுதியின் பாஹுன், சேத்ரி ஆதிக்கச் சாதியினரே. மன்னரை எதிர்த்தவர்கள் எல்லாரும் மனுவை எதிர்த்தவர்கள் அல்லர்.

ஹலியாவின் கதையும் அதுதான். விடுதலை அறிவிப்பு வந்தது. ஆனால் அவர் குடியிருந்தது நிலவுடைமையாளரின் மண். உழுததும் அதே மண். நிலமில்லாத விடுதலையை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? நிலமற்ற தலித்துக்கு அரசு ஒருமுறை நிலம் தர வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. அந்த வரியை வயலுக்குக் கொண்டுபோக எந்த அரசுக்கும் அவசரமில்லை.

2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில் நடந்தது நம் தருமபுரியையும் உடுமலையையும் நினைவூட்டுவது. ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர் ஒருவர், அவரை அழைத்துவர நண்பர்களுடன் ஊருக்குள் போனார். ஊர் திரண்டு கல்லெறிந்து பேரி ஆற்றை நோக்கி விரட்டியது. ஆறு இளைஞர்கள் பிணமானார்கள். மாவட்ட நீதிமன்றம் பலருக்கு ஆயுள் தண்டனை விதிக்க மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. ருக்கும் எந்தப் பகுதி தெரியுமா? மாவோயிஸ்ட் மக்கள் போரின் நெஞ்சுப் பகுதி என்று பேர் பெற்றது. புரட்சி முதலில் வந்த மலையிலேயே சாதி இப்படி உயிரோடு இருந்ததென்றால், சாதியைத் தனியாக எதிர்க்காத எந்தப் புரட்சியும் அதைத் தானாக ஒழிக்காது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

2025இன் நெருப்பு

இப்போது அந்தப் படங்களுக்கு வருவோம். சமூக ஊடகத் தடை உடனடிக் காரணம். ஊழலும், வேலையின்மையும், தலைவர்களின் பிள்ளைகள் காட்டிய ஆடம்பரமும் ஆழமான காரணம். செப்டம்பர் 8 அன்று மட்டும் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் இறந்தார்கள். பள்ளிச் சீருடையில் வந்தவர்களை நோக்கிச் சுட்ட ஒரு அரசு, தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே இருந்தாலும், ஆளும் தகுதியை இழந்துவிட்டது. மறுநாள் ஒலி பதவி விலகினார். இதுவரை எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை.

அதே நாளில் நாடாளுமன்றமும் சிங்க தர்பாரும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. நீதிமன்றத்தோடு ஏராளமான வழக்குக் கோப்புகள் எரிந்தன. சிறைகள் உடைந்து ஆயிரக்கணக்கான கைதிகள் வெளியேறினார்கள். பணக்காரன் தன் வழக்கின் நகலை வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து மறுபடி எடுத்துவிடுவான். முதல் தகவல் அறிக்கை போடவே மாதக்கணக்கில் அலைந்த ஏழை என்ன செய்வான்? வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு நீதிமன்றப் படியேறிப் பழகிய எங்களுக்குத் தெரியும்: அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் காகிதம்தான். குற்றவாளி வெளியே வந்தால் முதலில் போய் நிற்பது சாட்சி சொன்னவரின் வீட்டு வாசலில்தான். ஊரடங்கு போட்டால் மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை, அன்றாடக் கூலிக்கு அடுப்பு எரியாது. கலவரத்தின் விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை.

அடுத்த கேள்வி, ஆட்சி விழுந்த வெற்றிடத்தில் யார் பேசினார்கள் என்பது. டிஸ்கார்ட் செயலியில் கூடிய இளைஞர்கள் விவாதித்து வாக்களித்தார்கள். ராணுவத் தலைமையும் குடியரசுத் தலைவரும் பேச்சு நடத்தினார்கள். செப்டம்பர் 12 அன்று முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அங்கே முதல் முறை, மகிழ்ச்சி. ஆனால் தராயின் செங்கல் சூளையில் வேலை செய்யும் முசஹர் பெண், எந்தச் செயலியில், எந்த மொழியில், எந்த இணைய இணைப்பில் தன் கருத்தைச் சொல்லியிருப்பார்?

அமைப்பில்லாத கூட்டம் ஆட்சியைக் கவிழ்க்கும். ஆட்சியை அமைப்பது அமைப்புள்ளவர்கள்தான். எகிப்து இதை மிகக் கொடூரமாகக் கற்றது. 2011 பிப்ரவரி 11இல் தஹ்ரீர் சதுக்கத்து இளைஞர்கள் முபாரக்கை இறக்கினார்கள். ஆனால் அந்நாட்டில் நன்றாகத் திரண்டிருந்த அமைப்புகள் இரண்டுதான்: முஸ்லிம் சகோதரத்துவமும் ராணுவமும். முதலாவது 2012 தேர்தலில் வென்றது; இரண்டாவது 2013 ஜூலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. சதுக்கத்தைத் திறந்த இளைஞர்கள் பலர் சிறைக்குப் போனார்கள்.

அண்ணல் சொன்னது எது?

இந்த இடத்தில் உடனே ஒரு மேற்கோள் வரும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், சத்தியாகிரகம் உள்ளிட்ட வழிகளை அராஜகத்தின் இலக்கணம் என்றார் அல்லவா, ஆகவே தெருவுக்கு வராதே என்பார்கள். அந்த உரையை முழுவதும் படியுங்கள் தோழர்களே. அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது என்ற நிபந்தனையோடுதான் அவர் அதைச் சொன்னார். அவை இல்லாத காலத்தில் அந்தப் போராட்ட முறைகளுக்கு நியாயம் இருந்தது என்றும் சேர்த்தே சொன்னார். அதே உரையில், ஒரு தலைவரின் காலடியில் சுதந்திரத்தை வைப்பது சர்வாதிகாரத்துக்கே வழி என்று எச்சரித்தார். சமூக சனநாயகம் இல்லாமல் அரசியல் சனநாயகம் நிலைக்காது என்றார். முதல் வரியை மட்டும் கிழித்தெடுத்துக் காட்டுபவர்கள் மற்ற இரண்டையும் வசதியாக மறைக்கிறார்கள். 1927இல் மகாடு குளத்துக்கு ஊர்வலம் போனவர் அவர். தெருவுக்குப் பயந்தவர் அல்லர். தெருவிலிருந்து எதைக் கொண்டு திரும்புகிறோம் என்று கேட்டவர்.

மறைவுக்குச் சில நாட்கள் முன்பு, 1956 நவம்பரில், அவர் பேசியது அதே காத்மாண்டுவில்தான். பௌத்த மாநாட்டில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு, பலத்தால் கொண்டுவந்த மாற்றம் அந்தப் பலம் நீங்கிய பிறகு நிற்குமா என்ற கேள்வியை முன்வைத்தார். அந்தக் கேள்வி அந்த நகரத்தில் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நாளை ஏதோ ஒரு பெரும் போராட்டம் உங்களையும் அழைக்கும். போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். கோரிக்கைப் பட்டியலில் நிலம், வன்கொடுமை வழக்கு, கல்வி உதவித்தொகை ஆகியவை முதல் நாளே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதச் சொல்லுங்கள். “இப்போது பிரிவினை பேசாதே” என்பார்கள். ஊரையும் சேரியையும் பிரித்தது நாம் இல்லை என்று சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் நம்மவர்கள், குறிப்பாக நம் பெண்கள், யார் என்று பெயர் கேளுங்கள். தடியடி வாங்கவும் பந்தல் போடவும் நாம், ஒலிவாங்கி பிடிக்க அவர்கள் என்ற ஏற்பாட்டை மறுத்துவிடுங்கள். கைதானவர், காயம்பட்டவர், கூலி இழந்தவர் பட்டியலை அன்றன்றே எழுதிவையுங்கள். கேமரா போன பிறகு அந்த நோட்டுப் புத்தகம்தான் பேசும். பதிவேடு இருக்கும் இடத்துக்கு எவராவது தீ வைக்க வந்தால் அவர் நம் தோழர் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் சொந்த அமைப்பைக் கலைத்துவிட்டு எந்தப் பெரிய அமைப்பிலும் கரையாதீர்கள்.

வாசிப்பு வட்டத்தில் கேட்ட அந்த இரு மாணவர்களுக்கும் எங்கள் பதில் இதுதான். அரசன் விழத்தான் வேண்டும். ஆனால் அவன் விழுந்த மறுநாள் காலையில் குழு அமைக்க உட்காரும் அறைக்குள் நாம் இருக்கிறோமா, வாசலில் நிற்கிறோமா என்பதை, அவன் விழுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஜெய்பீம்.