ஆமைக்கு விட்ட கரை

துருக்கியின் தென்கரைக்குக் கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் நட்சத்திர விடுதியின் நீச்சல் குளத்திலேயே அடைந்து கிடப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே கரையில் பத்தாரா கடற்கரை இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? 10 கிலோமீட்டருக்கும் மேல் மணல். அதையொட்டி ஒரு விடுதி கிடையாது. பழைய நகரத்தின் இடிபாடுகளும், பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் மணலும் பாதுகாக்கப்பட்டவை. தங்குவதெல்லாம் உள்ளே தள்ளி, கெலெமிஷ் கிராமத்தில்.

அங்கே காலைச் சாப்பாடே பாதி நாளைத் தின்றுவிடும். ஆலிவ், வெள்ளைச் சீஸ், தக்காளி, வெள்ளரி, தேன் என்று சின்னச் சின்னத் தட்டுகள். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் கட்டன் சாயா. பால் கேட்ட என் மாமியாரைக் கடைக்காரம்மா பரிதாபமாகப் பார்த்தார். கடலுக்குப் போகிற வழியிலேயே அங்கே வாழ்ந்த பண்டைய லிசிய மக்களின் மன்றக் கட்டடமும் பழைய அரங்கும். பிள்ளைகள் கல்படிகளில் ஏறி இறங்கினார்கள். வரலாற்றுப் பாடம் நடத்த வாயெடுத்த கணவரை அடக்கிவிட்டேன், விடுமுறை அல்லவா!

முட்டையிடும் காலத்தில் இரவில் கடற்கரையை மூடிவிடுகிறார்கள். காசு கொடுத்து வந்தவர்களை இப்படி விரட்டுவதா என்று கணவருக்கு வருத்தம். விரட்டட்டும். விடிய விடிய விளக்குப் போட்டுப் பாட்டு அலறும் கரைகள் துருக்கியில் ஏராளம். ஆமைக்கு மிஞ்சியிருப்பது சிலதான்.