மூன்றாம் புத்தகத்தை யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

பதிவு அலுவலகங்களில் கிடக்கும் பழைய உயில்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று எங்கே பேசினாலும் தோழர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சொத்து இருந்தவன்தானே உயில் எழுதுவான்? நம்ம பாட்டன் என்னத்த எழுதி வச்சிட்டுப் போனான்?"

கண்டனூரில் நின்று கேட்டால் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடும். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகள் உள்ள ஊர் இது. அந்த வீட்டுக்காரர்களுக்குக் குடும்ப வரலாறு தேட இணையமே வேண்டாம். ஒன்பது நகரக் கோயில்களில் அவர்களுடைய கல்யாணங்கள் பதிவாகின்றன. பர்மா, மலாயா கொடுக்கல் வாங்கல் எல்லாம் கணக்கேடுகளில் இருக்கிறது. சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதால், அந்தக் குடும்பத்தின் வம்சாவளி சட்டப் புத்தகத்திலேயே அச்சாகிக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இன்று படிக்கலாம். சேரிப் பக்கம் வந்து தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிப்பார்கள். அதற்கு முந்தைய பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது.

ஞாபக மறதி அல்ல இது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் (கண்டனூரும் அதில்தான் இருந்தது) கள்ளர்கள் கூடி ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டும் அனுப்ப வேண்டும். இனாம் நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டனே இவற்றைச் சாதி பற்றிய தன் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். எழுத்தையும் நிலத்தையும் ஒரே மூச்சில் தடுத்தவர்கள் இருந்த இடத்தில் உயில் எங்கிருந்து வரும்?

அப்படியானால் எனக்கு எதற்கு உயில்? நம்மவர் எழுதிய உயில் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் தேடச் சொல்வது அடுத்தவர் எழுதியதை.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்த வேலையைப் பல காலமாகச் செய்து வருகிறார்கள். 1870க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. வயது, பால், நிறம், அவ்வளவுதான். பெயர் எங்கே கிடைக்கிறது? எஜமானின் உயிலில். குதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவில், மூத்த மகளுக்கு இன்ன பெண், இளையவனுக்கு இன்ன பையன் என்று. கேவலமான ஆவணம்தான். ஆனால் தன் பாட்டியின் பாட்டி பெயரை அதில்தான் ஒருத்தி முதல் முறையாகப் பார்க்கிறாள். நம் பக்கமும் ஆள்களை விற்ற ஓலைகள் உண்டு என்பது ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' படித்தவர்களுக்குத் தெரியும். 1843இல் அடிமைச் சட்டம் வந்தது. பண்ணையாள் முறை போகவில்லை. நிலத்தைப் பங்கு வைக்கும்போது பண்ணையாள் பட்ட கடனையும் சேர்த்துப் பங்கு வைத்திருந்தால், அங்கே பெயர் இருக்கும்.

எல்லை விவரத்தையும் பாருங்கள். எந்தச் சொத்துப் பத்திரத்துக்கும் நாலு பக்க எல்லை எழுத வேண்டும். 'சேரிக்கு மேற்கு', 'இன்னாரின் புஞ்சைக்குத் தெற்கு'. சொத்தை எழுதியவன் யாரோ. ஆனால் அந்த இன்னார் நம்மவனாக இருந்தால், அந்த வருஷத்தில் அந்த இடத்தில் அவனுக்கு ஒரு புஞ்சை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பஞ்சமி நிலத்துக்காக அலைகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1892 அரசாணைக்குப் பின் ஒப்படைக்கப்பட்ட நிலம் யார் பெயரில் இருந்தது, அவருக்கு யார் பேரன் என்று காட்டுவதற்குள் ஆயுசு போய்விடுகிறது. 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டதே இந்த நிலத்துக்கான போராட்டத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1908 பதிவுச் சட்டத்தின்படி உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். கிரயம், அடமானம் எல்லாம் முதல் புத்தகம். அதனால்தான் வில்லங்கச் சான்று போட்டால் உயில் வருவதில்லை. ஆனால் 57ஆவது பிரிவைப் படியுங்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரும் அவருடைய முகவரும் மட்டுமே நகல் வாங்க முடியும். எழுதியவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் கொடுக்க வேண்டும். வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எவருக்கும்!

சிக்கல் அதே பிரிவின் அடுத்த வரிகளில். மூன்றாம் புத்தகத்தில் தேடும் வேலையைப் பதிவு அலுவலர் மட்டுமே செய்ய வேண்டும். நாம் புரட்டிப் பார்க்க முடியாது. யார் எழுதியது, எந்த ஆண்டு என்று சொன்னால்தான் அவர் தேடுவார். அது தெரிந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? ஊர்ப் பெரிய வீட்டின் உயிலைச் சேரியிலிருந்து ஒருத்தி கேட்டாள் என்ற செய்தி நகல் கைக்கு வருமுன் ஊருக்குப் போய்விடும் என்பது இன்னொன்று. இணையத்தில் தேடுவதற்கும் கவுண்டரில் நின்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதி இல்லாதவர்களுக்குப் புரியாது.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பத்திரம் எழுதுகிறவரின் விவரமாகத் தகப்பன் பெயரோடு சாதியையும் சேர்க்கச் சொன்னது இதே சட்டம். 1956இல்தான் திருத்தம் செய்து சாதி என்ற சொல்லை எடுத்தார்கள். அதாவது அதற்கு முந்தைய பதிவேடுகளிலும் அகரவரிசைக் குறியீடுகளிலும் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் இருக்க வேண்டும். ஊருக்கு ஐந்து கருப்பன், பத்து மாயாண்டி இருக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம்மை இழிவுபடுத்த எழுதிய பத்தியே இன்று நம்மை அடையாளம் காட்டுகிறது. கைநாட்டு வைத்தவர்களின் ரேகைப் பதிவேடும் தனியாக உண்டு. கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. அவர் பெருவிரல் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கலாம்.

கடல் கடந்து போனவர்களின் நிலைமை வேறு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலில் போய் இறங்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் இருக்கிறது, அது கணினிக்கும் வந்துவிட்டது. அவர்கள் அங்கே செத்தபோது எழுதிய சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் கேட்டு எழுதியிருப்பார்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போன அண்ணனுக்கு இணையத்தில் ஒரு கோப்பு. ஊரிலேயே கிடந்து உழைத்த தம்பிக்கு ஒரு தாளும் இல்லை.

எதிர்ப்பக்கத்து வாதம் எனக்கும் தெரியும். சாதியோடு பழைய பதிவேட்டைத் திறந்துவிட்டால் சாதிச் சங்கங்கள் அதை வைத்து வம்சப் பெருமை பேசும். சாதியைச் சொல்லாமல் நகரத்தில் வாடகை வீட்டில் வாழும் நம் பிள்ளைகளின் பூர்வீகத்தை எவனாவது தோண்டுவான். கலப்பு மணம் செய்தவர்களைத் தேடி வருவான். இந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்கச் சொல்லவில்லை. பதிவாகி எழுபத்தைந்து ஆண்டு கடந்ததை மட்டும் திறங்கள். சாதியை வைத்துத் தேடும் வசதியே தளத்தில் இருக்கக் கூடாது. பெயர், ஊர், ஆண்டு போதும். ஸ்கேனைத் திறந்தால் சாதி கண்ணில் படும்தான். அதை மை பூசி அழிப்பதை நான் ஏற்கமாட்டேன். நமக்கு நடந்ததற்கு அந்தத் தாளும் ஒரு சாட்சி.

ஸ்கேன் செய்த பிறகு மூலத்தைத் தூக்கிப் போடவும் விடக் கூடாது. இங்கிலாந்தில் 1858 முதலான உயில்களைப் பெயர் போட்டுத் தேடி, காசு கட்டி நகல் வாங்கலாம். அதே நாட்டு அரசு 2023 டிசம்பரில் ஒரு யோசனை சொன்னது. பழைய உயில்களை டிஜிட்டலாக்கிவிட்டு மூலத்தை அழித்துவிடலாம், பிரபலங்களின் உயிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று. வரலாற்று ஆய்வாளர்கள் கொதித்தார்கள். இங்கே அப்படி ஒரு முடிவு எடுத்தால் எது மிஞ்சும், எது எடைக்குப் போகும் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்.

பதிவுத்துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. துறை ஏற்கெனவே இணையதளம் வைத்திருக்கிறது, வில்லங்கமும் நகலும் அதில் கொடுக்கிறது. முதல் கட்டமாக மூன்றாம் புத்தகத்தின் பழைய அகரவரிசைக் குறியீட்டை மட்டும் ஏற்றுங்கள். தமிழ் எழுத்தில் தேட முடிய வேண்டும்; 'கருப்பன்' ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் சிக்க வேண்டும். பட்டியலினத்தவருக்குத் தேடுதல் கட்டணம் வேண்டாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. காரைக்குடி வட்டாரத்தில் இருப்பவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தாத்தா யார் பண்ணையில் இருந்தார், அந்தப் பண்ணைக்காரர் பெயர் என்ன, சுமாராக எந்த வருஷம் செத்தார். இந்த மூன்றும் இருந்தால் 57ஆவது பிரிவைச் சொல்லி மனுப்போடலாம். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.