ஸ்டென்ட்டுக்குக் காப்பீடு இருக்கு... வாழ்நாள் மாத்திரைக்கு?

மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குத் தெரியும். 108-ஐ அழைப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் தேடி எடுப்பார்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஊர்ப்புற சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஸ்டென்ட் விலைக்கும் 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து நோயாளிக்குத் துணை ஒரு மாத்திரை டப்பா மட்டும்தான்.

ஸ்ரீரங்கத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வயதான பெற்றோர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ துபாயிலோ. செக்கப்புக்குக் காவிரிப் பாலம் தாண்டி தில்லை நகர் கிளினிக்குக்கோ, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். போனில் கேட்டால், "எல்லாம் கரெக்டா சாப்பிடறேம்பா" என்ற பதில் வரும். உண்மையிலேயே கரெக்டாகத்தான் சாப்பிடுகிறார்களா?

'நல்லாத்தானே இருக்கேன்?'

மாத்திரையை நிறுத்துவதற்குப் பலர் சொல்லும் காரணம் இது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கப்பட்ட உலோக வலை. அதன் மேல் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் மாரடைப்புக்குப் பிறகு ஆஸ்பிரினோடு இன்னொரு மருந்தையும் பொதுவாக ஓராண்டு வரை தருகிறார்கள். பல் பிடுங்கணும், காசு இல்லை, ஊருக்குப் போயிட்டேன் என்று இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலி திரும்ப வரலாம்.

உப்பு, வெயில், முட்டி வலி

இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் கதை வேறு. இதயம் பம்ப் செய்யும் பலம் குறைவதால் உடம்பில் நீர் தேங்குகிறது. அதை வெளியேற்ற 'தண்ணி மாத்திரை' கொடுக்கிறார்கள். இவர்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரை அழைக்க வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் இங்கே ருசி விஷயம் மட்டும் இல்லை.

திருச்சி மே மாத வெயிலில் இதுவே தலைகீழாகும். வியர்வையிலும் நீர் போகிறது, மாத்திரையாலும் போகிறது. தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். கோடைக்கு டோஸை மாற்ற வேண்டுமா என்று மார்ச் மாதமே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து மருந்துக்கடையில் இருக்கிறது. முட்டி வலிக்குச் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பை மோசமாக்கும்.

ஏகாதசியும் கீரையும்

உலோக வால்வு பொருத்தியவர்கள் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் டோஸ் முடிவாகும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் மூட்டை, மறுவாரம் பூஜ்யம் என்று இல்லாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

ஸ்ரீரங்கத்தில் உபவாசத்தை விடச் சொன்னால் எடுபடாது. 'ஏகாதசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க' என்றால் எடுபடும். குறிப்பாகச் சர்க்கரை மருந்தும் தண்ணி மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

அரசு இன்னும் ஒரு படி வரலாம்

காப்பீட்டுத் திட்டத்தில் சில சிகிச்சைகளுக்குத் தொடர் கவனிப்பும் உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அந்த இலவசத்துக்கு ஒரு நாள் வரிசையும், கூட வருபவரின் ஒரு நாள் சம்பளமும் விலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. ஸ்டென்ட் வைத்தவருக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் அதே கதவைத் தட்டினால் என்ன?

இதய மருந்தில் டோஸ் அடிக்கடி மாறும், வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் டோஸ் நிலைபெற்றவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு மாத்திரையோடு எடையையும் பிரஷரையும் குறித்துக்கொண்டு, மாற்றம் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பலாம். விலையும் முன்பு போல் தடையில்லை. டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-லும், சாக்குபிட்ரில்-வால்சார்டனுக்கு 2023-லும் ஜெனரிக் வந்துவிட்டது.

இதைவிடச் செலவு குறைந்த ஒன்றும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் ஒரு பக்கம்: எந்த மாத்திரை, எதற்கு, எப்போது, எவ்வளவு நாள், எதைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அட்டையில் இருக்கும் ஆங்கிலப் பெயரை நிறத்தை வைத்து அடையாளம் காணும் தாத்தாவுக்கு, கடைக்காரர் வேறு பிராண்டு கொடுத்தால் அது புது மாத்திரை. பழையதையும் சேர்த்து இரண்டையும் போட்டுக்கொள்வார்.

அதுவரை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேள்வியை மாற்றலாம். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "அட்டையில எத்தனை பாக்கி இருக்கு, எண்ணிச் சொல்லுங்கப்பா" என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையில் உண்மை தெரிந்துவிடும்.